நகர் ஊரமைப்புத் துறையில் வேலை: வரைபலகையிலிருந்து கோப்பு வரை

கட்டடக்கலை படித்துவிட்டு அரசு வேலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் முதல் ஆறு மாதத்தில் ஒரே ஏமாற்றத்தைச் சந்திக்கிறார்கள். கல்லூரியில் ஐந்து ஆண்டு வரைந்து பழகிய கை இங்கே வரைவதே இல்லை. மற்றவர் வரைந்ததைப் படிக்கிறது, அளக்கிறது, அதைப் பற்றி எழுதுகிறது. ஒரு ஊரின் சாலை எவ்வளவு அகலம், பூங்கா எங்கே, எந்த நிலத்தில் வீடு வரக் கூடாது என்பதெல்லாம் கடைசியில் யாரோ ஒருவர் எழுதிய இரண்டு பக்கக் குறிப்பில்தான் முடிவாகிறது. அந்தக் குறிப்பை எழுதத் தெரிந்தவர் இத்துறையில் நிற்பார். இந்த வழிகாட்டி தமிழ்நாட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

எந்த வாசல்

தமிழ்நாட்டில் இந்தப் பணி முக்கியமாக நான்கு இடங்களில் இருக்கிறது. முதலாவது நகர் ஊரமைப்பு இயக்ககம், பேச்சு வழக்கில் டி.டி.சி.பி. மாவட்ட அலுவலகங்கள் இதன்கீழ் வருகின்றன. இரண்டாவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், அதாவது சி.எம்.டி.ஏ. மூன்றாவது மாநகராட்சி, நகராட்சிகளின் நகரமைப்புப் பிரிவு. நான்காவது பொதுப்பணித் துறையின் கட்டடக்கலைப் பிரிவு. முதல் மூன்றும் நிலத்தையும் அனுமதியையும் பற்றியவை. நான்காவதில் மட்டும்தான் உண்மையில் கட்டடம் வரைவீர்கள்: பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றம், ஆட்சியர் அலுவலகம். வரையாமல் இருக்க முடியாது என்று நினைப்பவர் நான்காவதைத்தான் குறிவைக்க வேண்டும்.

டி.டி.சி.பி.யில் நுழைய டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் தேர்வுகளில் இரண்டு பதவிகளைக் கவனியுங்கள்: நகர் ஊரமைப்பு உதவி இயக்குநர், அதற்குக் கீழே கட்டடக்கலை உதவியாளர் அல்லது திட்ட உதவியாளர். உதவி இயக்குநர் என்பது நேரடியாக அதிகாரி நிலை. அங்கிருந்து துணை இயக்குநர், இணை இயக்குநர், கூடுதல் இயக்குநர் என்று ஏறலாம். இயக்குநர் நாற்காலியிலும் சி.எம்.டி.ஏ.வின் உறுப்பினர் செயலர் நாற்காலியிலும் பெரும்பாலும் ஐ.ஏ.எஸ். அதிகாரிகளே உட்காருகிறார்கள். இதைச் சேரும்போதே தெரிந்துகொண்டால் பின்னால் கசப்பு வராது.

மத்திய அரசில் நகர் ஊரமைப்பு அமைப்புக்கும் மத்தியப் பொதுப்பணித் துறையின் கட்டடக்கலைஞர் பதவிகளுக்கும் யு.பி.எஸ்.சி. ஆள் எடுக்கிறது. விமான நிலைய ஆணையம், முதுநிலைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான கேட்டின் மதிப்பெண்ணை வைத்து எடுப்பதுண்டு. காலியிடம் குறைவு, வருடா வருடம் வராது. அதை மட்டும் நம்பி உட்காராமல் மாநிலத் தேர்வோடு சேர்த்துப் படிப்பதே புத்திசாலித்தனம்.

படிப்பும் பதிவும்

பி.ஆர்க். ஐந்தாண்டுப் படிப்பு. நாட்டா என்ற கட்டடக்கலை நுழைவுத் தேர்வு அல்லது ஜே.இ.இ. மெயினின் கட்டடக்கலைத் தாள் எழுதித்தான் சேர முடியும். திட்டமிடலையே நேரடியாகப் படிக்க விரும்பினால் பி.பிளான். இருக்கிறது; அதற்கு ஜே.இ.இ.யில் தனித் தாள். ஆனால் அரசுப் பணியை முன்வைத்துப் பார்த்தால் பி.ஆர்க். அல்லது சிவில் படித்து, அதன்மேல் நகரத் திட்டமிடலில் இரண்டாண்டு முதுநிலை படிப்பதே அகலமான பாதை. அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளி, டில்லி, போபால், விஜயவாடா ஆகிய ஊர்களில் உள்ள திட்டமிடல், கட்டடக்கலைப் பள்ளிகளான எஸ்.பி.ஏ.க்கள், கரக்பூர், ரூர்க்கி ஐ.ஐ.டி.கள், அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகம் ஆகியவை இதற்கு அறியப்பட்டவை. கேட் தேர்வின் கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் தாளில் பொதுப் பகுதிக்குப் பின் கட்டடக்கலை, திட்டமிடல் என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்து எழுதலாம். கட்டடக்கலை படித்தவர்களும் திட்டமிடல் பகுதியை எடுத்துப் பழகுவது டி.என்.பி.எஸ்.சி.க்கும் உதவும்.

தகுதி பற்றி ஓர் எச்சரிக்கை. அறிவிக்கைக்கு அறிவிக்கை தகுதிப் பகுதியின் வாசகம் மாறும். "அல்லது", "மற்றும்" என்ற இரண்டு சொற்களையும் விரலை வைத்துப் படியுங்கள். விண்ணப்பிக்கும் கடைசித் தேதிக்குள் பட்டமோ தற்காலிகச் சான்றிதழோ கையில் இல்லாமல் நிராகரிக்கப்படுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் இருக்கிறார்கள்.

1972ஆம் ஆண்டின் கட்டடக்கலைஞர் சட்டப்படி கட்டடக்கலைக் குழுமத்தில் பதிவு செய்தவர் மட்டுமே தன்னை 'ஆர்க்கிடெக்ட்' என்று சொல்லிக்கொள்ளலாம். நொய்டா ஆணையத்தின் பதவிப் பெயர் தொடர்பான வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: சட்டம் காப்பது பட்டப்பெயரை, அந்த வேலை முழுவதையும் அல்ல, ஆனால் பதிவில்லாத ஒருவருக்கு அந்தப் பெயரில் அரசுப் பதவி கொடுக்கக் கூடாது. ஆகவே பதிவைப் புதுப்பிக்காமல் விடாதீர்கள். திட்டமிடுநர்களுக்கு இப்படி ஒரு சட்டப்பூர்வக் குழுமம் கிடையாது. 1951இல் தொடங்கிய இந்திய நகரத் திட்டமிடுநர் நிறுவனத்தின் உறுப்பினர் தகுதியைத்தான் பல அறிவிக்கைகள் விருப்பத் தகுதியாகக் கேட்கின்றன.

தேர்வுக்குப் படிப்பது

டி.என்.பி.எஸ்.சி. ஒருங்கிணைந்த தொழில்நுட்பத் தேர்வில் பாடத் தாளுக்கு 200 கேள்விகள், 300 மதிப்பெண். இரண்டாம் தாளில் தமிழ்த் தகுதித் தேர்வு 150 மதிப்பெண், பொது அறிவும் திறனறிவும் சேர்ந்து 150 மதிப்பெண். தமிழில் 60 எடுக்காவிட்டால் மற்ற தாள்களைத் திருத்தவே மாட்டார்கள். பத்தாம் வகுப்புத் தரம்தானே என்று அலட்சியமாக இருந்து, பாடத் தாளில் நன்றாக எழுதியும் வெளியே போகிறவர்கள் ஆங்கிலவழியில் படித்த கட்டடக்கலை மாணவர்களே. தினம் அரை மணி நேரம் பள்ளித் தமிழ்ப் புத்தகத்துக்கு ஒதுக்குங்கள். அந்தத் தமிழ் தேர்வோடு முடியாது. மாவட்ட அலுவலகத்தில் கோப்பு தமிழில்தான் ஓடும்.

பாடத் தாளுக்குக் கோட்பாட்டுப் புத்தகங்களை மட்டும் நம்பாதீர்கள். 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தையும் 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளையும் மூலமாகவே படியுங்கள். தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016, மத்திய அரசின் 2014 நகர்ப்புறத் திட்டமிடல் வழிகாட்டு நெறிகள் ஆகிய இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 2019 விதிகள் பலமுறை திருத்தப்பட்டுவிட்டன. பழைய பிரதியை அச்செடுத்து வைத்திருப்பவர், எடுத்துக்காட்டாக, 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையைத் தவறவிடுவார்: 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் ஒரு மாடியும் கொண்ட வீட்டுக்கு இணையவழியில் உடனடி அனுமதி.

நிலத்தைப் படிக்கும் பழக்கம்

இதைத்தான் எந்தக் கல்லூரியும் சரியாகச் சொல்லித் தருவதில்லை, எனவே கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். ஒரு விண்ணப்பம் வந்தால் கையில் இருக்க வேண்டியவை பத்திரம், பட்டா, சிட்டா, புல எண் வாரியாக நில வகைப்பாட்டைச் சொல்லும் அ-பதிவேட்டின் சாறு, புல வரைபடமான எஃப்.எம்.பி., கிராம வரைபடம், வில்லங்கச் சான்று. பட்டாவில் பரப்பு ஹெக்டேர்-ஏர் கணக்கில் இருக்கும். 0.40.5 என்று இருந்தால் அது 0.405 ஹெக்டேர், அதாவது 40.5 ஏர், 4,050 சதுர மீட்டர், கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். புதிதாக வருகிறவர் நடுப்புள்ளியைப் பார்த்துக் குழம்பி 40.5 சென்ட் என்று எழுதிவிடுவார். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர்தான் என்பதால் நிலம் பாதிக்கும் கீழே சுருங்கிவிடும். கிரவுண்டு என்று யாராவது சொன்னால் 2,400 சதுர அடி. இந்த மூன்று மாற்றங்களும் மனப்பாடமாக இருக்கட்டும்.

பரப்புக்கு நான்கு எண்கள் கிடைக்கும்: பத்திரத்தில் ஒன்று, பட்டாவில் ஒன்று, எஃப்.எம்.பி. அளவில் ஒன்று, நேரில் அளந்தால் ஒன்று. நான்கும் ஒத்துப்போவது அபூர்வம். கணக்குக்கு எடுக்க வேண்டியது நான்கில் குறைந்தது. விண்ணப்பதாரர் எப்போதும் அதிகமானதைத்தான் வரைபடத்தில் போட்டிருப்பார். பெரும்பாலும் ஏமாற்ற அல்ல, அவருடைய பத்திரத்தில் அப்படித்தான் இருக்கிறது.

அ-பதிவேட்டில் வகைப்பாட்டைப் பாருங்கள். நஞ்சை, புஞ்சை, நத்தம், மேய்ச்சல் புறம்போக்கு, ஓடை, வாய்க்கால், வண்டிப்பாதை. விண்ணப்ப நிலம் புஞ்சைப் பட்டாவாகவே இருக்கலாம்; ஆனால் அதை ஊடறுத்து ஒரு வாய்க்கால் உட்பிரிவு எண்ணில் ஓடினால், வரைபடத்தில் அது கோடாகக்கூட இருக்காது. கிராம வரைபடத்தில் பாருங்கள், எஃப்.எம்.பி.யில் பாருங்கள், செயற்கைக்கோள் படத்தில் பாருங்கள், பிறகு நேரில் போய் ஆடு மேய்க்கிற பெரியவரிடம் "மழைக்குத் தண்ணி எந்தப் பக்கம் போகுதுங்கய்யா?" என்று கேளுங்கள். பதிவேட்டில் இல்லாத ஓடை இந்த ஒரு கேள்வியில் தெரிந்துவிடும். திட்டமில்லாப் பகுதியில், அதாவது நிலப் பயன்பாட்டை வகுக்கும் முழுமைத் திட்டம் வராத இடத்தில், நஞ்சை நிலத்தின் பயன்பாட்டை மாற்ற வேண்டுமென்றால் வேளாண் இணை இயக்குநரின் கருத்தும் கோப்பில் வர வேண்டும்.

பழக ஒரு நல்ல வழி உண்டு. சொந்த ஊரையோ தெரிந்த கிராமத்தையோ எடுத்துக்கொள்ளுங்கள். அரசின் நிலப் பதிவுத் தளமான தமிழ்நிலத்திலிருந்து இருபது அடுத்தடுத்த புல எண்களின் எஃப்.எம்.பி.யை இறக்கி, கியூ.ஜி.ஐ.எஸ். போன்ற இலவச வரைபட மென்பொருளில் ஒட்டிப் பாருங்கள். ஓரங்கள் பொருந்தாது. ஓரிடத்தில் இடைவெளி விழும், மற்றொரு இடத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். ஒவ்வொரு புலமும் தனித்தனியே அளக்கப்பட்டு வரையப்பட்டதுதான் காரணம். முதல் புலத்தில் தொடங்கி வரிசையாக ஒட்டிக்கொண்டே போனால் பிழை சேர்ந்துகொண்டே போகும். இடத்தில் இன்றும் அடையாளம் காணக்கூடிய எல்லைக் கற்கள், சாலைச் சந்திப்புகள், கிணறுகள் என்று ஏழெட்டுப் புள்ளிகளை முதலில் நிறுத்திவிட்டு, அவற்றுக்கு நடுவே புலங்களைப் பொருத்துங்கள். இந்த ஒரு பயிற்சியை முடித்தவருக்கு முழுமைத் திட்டத்தின் அடிப்படை வரைபடம் எங்கே பொய் சொல்லும் என்பது தெரியும்.

தள ஆய்வுக்கு 30 மீட்டர் டேப், எஃப்.எம்.பி. நகல், கைபேசி, ஒரு துணை ஆள் போதும். சாலை அகலத்தை விண்ணப்ப மனைக்கு முன்னால் மட்டும் அளக்காதீர்கள். பிரதான சாலை வரை நடந்து, எங்கே மிகக் குறுகலோ அங்கே அளந்து குறியுங்கள். மனைக்கு எதிரே 12 மீட்டர் இருக்கும். ஐம்பது அடி தள்ளி ஒரு பழைய வீட்டுத் திண்ணையால் எட்டரை மீட்டராகச் சுருங்கும். எஃப்.எஸ்.ஐ. எனப்படும் தளப்பரப்புக் குறியீட்டின், அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்பதன், கணக்கே அதனால் மாறும். மேலே மின்கம்பி போனால் எத்தனை கிலோவோல்ட் என்று மின்வாரியத்திடம் கேட்டு எழுதுங்கள்: 11 கே.வி. வரை பக்கவாட்டில் 1.2 மீட்டர், 33 கே.வி. வரை 2 மீட்டர் இடைவெளி வேண்டும். படம் எடுக்கும்போது ஒவ்வொரு படத்திலும் மாறாத அடையாளம் ஒன்று இருக்கட்டும்: கோயில் கோபுரம், கம்பத்தின் எண், கல்வெட்டு. வெறும் புல்வெளிப் படம் மூன்று வருடம் கழித்து நீதிமன்றத்தில் எதையும் நிரூபிக்காது.

ஒரு மனைப்பிரிவு, ஒரு கணக்கு

4 ஏக்கர் மனைப்பிரிவு என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 16,187 சதுர மீட்டர். சாலைகளுக்கு 4,500 போனால் மீதி 11,687. மொத்தப் பரப்பு 10,000 சதுர மீட்டரைத் தாண்டிவிட்டதால், சாலை நீங்கலான இந்த மீதியில் 10 சதவீதம், அதாவது 1,169 சதுர மீட்டர், பூங்காவுக்கான திறந்தவெளி ஒதுக்கீடாக நிலமாகவே கொடுக்கப்பட வேண்டும். பணமாகக் கட்டிவிடலாம் என்ற பேச்சுக்கு இந்த அளவில் இடமில்லை.

எண் சரியாக இருந்தாலும் மனைப்பிரிவு தவறாக இருக்கலாம். திறந்தவெளியை மூன்று முக்கோணத் துண்டுகளாகப் பிரித்துக் காட்டுவார்கள். மின்கம்பிக்குக் கீழே வைப்பார்கள். ஓடையோரப் பள்ளத்தில் வைப்பார்கள். விற்க முடியாத மூலை எதுவோ அதுவே பூங்கா. ஒரே துண்டாக, பொதுச் சாலையிலிருந்து நேரே போகக்கூடியதாக, குழந்தை ஓடி விளையாடும் வடிவத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சாலைகள் பக்கத்து நிலத்தின் எல்லையில் முட்டி நிற்கும் இடங்களையும் கவனியுங்கள். நாளைக்குப் பக்கத்து நிலமும் மனைப்பிரிவாகும்போது இரண்டு சாலைகளும் ஒரே கோட்டில் சேராவிட்டால், ஊரே முட்டுச்சந்துகளின் தொகுப்பாகும். நம் நகரங்களின் புறநகர்கள் பலவும் இப்படித்தான் ஆயின.

அடுத்த சறுக்கல் அனுமதிக்குப் பிறகு வருகிறது. பூங்கா நிலமும் சாலையும் தானப் பத்திரமாக உள்ளாட்சிக்குப் பதிவாகும். பட்டா மட்டும் பழைய பெயரிலேயே கிடக்கும். பத்து வருடம் கழித்து வாரிசுகள் அதை மனையாக விற்பார்கள், வாங்கியவர் வீடு கட்டியிருப்பார், உள்ளாட்சியின் சொத்துப் பதிவேட்டில் ஒரு வரியும் இருக்காது. இதைத் தடுக்க வேண்டுமானால் தானப் பத்திர நகலோடு விட்டுவிடாமல், உட்பிரிவு செய்து உள்ளாட்சியின் பெயருக்கே பட்டா மாறிய நகலையும் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். இரண்டு வாரம் தாமதமாகும், திட்டுவார்கள். பரவாயில்லை.

அனுமதியில்லாத மனைகளின் பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை போட்டதும், அதன்பின் 2016 அக்டோபர் 20க்கு முந்தைய மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் விதிகள் வந்ததும் தெரிந்த கதை. வரன்முறைக் கோப்புகளில் தேதிதான் உயிர். பதிவான பத்திரத்தின் தேதியைப் பாருங்கள்; பொது அதிகார ஆவணத்தின் தேதியையோ முத்திரைத்தாள் வாங்கிய தேதியையோ பார்த்து ஏமாறாதீர்கள்.

குறிப்பு எழுதுவது

கட்டட விண்ணப்பத்தின் அடிப்படைக் கணக்கு எளிது. 18.30 மீட்டர் வரை உயரமுள்ளது உயரம் குறைந்த கட்டடம், எஃப்.எஸ்.ஐ. 2. அதற்கு மேல் போனால் உயரமான கட்டடம், 3.25. பிரீமியம் என்ற கட்டணம் கட்டிக் கூடுதல் பரப்பு வாங்குவது சாலை அகலத்தைப் பொறுத்தது. கணக்கில் யாரும் பெரிதாகத் தவறுவதில்லை, தவறுவது எழுத்தில்.

நல்ல குறிப்பு இப்படிப் போகும். பார்வையில் விண்ணப்பத் தேதியும் முந்தைய கடிதங்களும். பிறகு நான்கு பரப்புகள், எடுத்துக்கொண்ட பரப்பு. முழுமைத் திட்டத்தில் நிலப் பயன்பாட்டு மண்டலம், அது எந்த அரசாணைப்படி என்பது. சாலை அகலம், எங்கே அளந்தது. விதி வாரியாக ஓர் அட்டவணை: விதி கேட்பது, வரைபடத்தில் இருப்பது, வித்தியாசம். பிற துறைகளின் தடையின்மைச் சான்றுகள், அவற்றில் உள்ள நிபந்தனைகள். கடைசியில் பரிந்துரை.

"பரிசீலிக்கலாம்" என்ற சொல்லை எழுதாதீர்கள். அது ஆமாவும் இல்லை, இல்லையும் இல்லை. "அனுமதிக்கலாம்" என்றோ "விதி எண் இன்னதன்படி நிராகரிக்கலாம்" என்றோ எழுதுங்கள். நிராகரிக்கும்போது காரணமும் விதி எண்ணும் ஆணையிலேயே இருக்க வேண்டும். மேல்முறையீட்டில் "அப்போது மனத்தில் இருந்தது" என்று புதுக் காரணம் சேர்க்க முடியாது. குறைகளைக் கேட்டு எழுதும்போது எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் கேளுங்கள். இன்று ஒன்று, அடுத்த மாதம் ஒன்று என்று கேட்பது சந்தேகத்துக்கு இடம் கொடுக்கும், அந்தச் சந்தேகம் பல நேரங்களில் நியாயமானதும்கூட.

கோப்பு மேலிருந்து "பேசவும்" என்ற ஒற்றைச் சொல்லோடு திரும்பும். போய்ப் பேசுங்கள். பேசி முடித்த பிறகு, "பேசப்பட்டது, அறிவுறுத்தியபடி இன்னது சேர்க்கப்பட்டு மீண்டும் சமர்ப்பிக்கப்படுகிறது" என்று தேதியோடு எழுதிவிடுங்கள். தொலைபேசியில் வரும் வாய்மொழி உத்தரவுக்கும் இதே மருந்து. எழுதிவைக்கப்படும் என்று தெரிந்தால் பாதி உத்தரவுகள் திரும்ப வராது. கோப்புக் குறிப்புகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் யாரும் கேட்டு வாங்கலாம் என்பதை நினைவில் வைத்தே பேனாவை எடுங்கள்.

முழுமைத் திட்டப் பணி கிடைத்தால்

சென்னையின் முதல் முழுமைத் திட்டம் 1976இல் வந்தது. இரண்டாவது 2008இல், 2026 வரைக்குமாக, 1,189 சதுர கிலோமீட்டருக்கு. 2022இல் பெருநகரப் பகுதி 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. மூன்றாவது திட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க இந்த எண்கள் உதவும்: ஐந்து மடங்கு நிலம், அதில் பெரும்பகுதி இன்னும் ஏரியும் வயலும்.

இப்பணியில் ஒரே ஒரு பிரிவை மட்டும் மறக்காதீர்கள்: நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38. ஊரின் ஒரு பகுதிக்கு மட்டும் விவரமாகப் போடும் விரிவு அபிவிருத்தித் திட்டத்தில் சாலைக்கோ பூங்காவுக்கோ தனியார் நிலத்தை ஒதுக்கிவிட்டு, மூன்று ஆண்டுக்குள் கையகப்படுத்தும் நடவடிக்கை எடுக்காவிட்டால் அந்த நிலம் விடுவிக்கப்பட்டதாகவே கருதப்படும். வரைபடத்தில் அழகாகப் போட்ட திட்டச் சாலைகள் பல இப்படியே காகிதத்தில் கரைந்தன. ஆகவே கோடு போடும்போதே இரண்டு கேள்விகளுக்கு விடை வைத்துக்கொள்ளுங்கள்: பணம் எந்த அமைப்பிடமிருந்து, கையகப்படுத்தும் கோப்பை யார் தொடங்குவார். விடை இல்லையென்றால், அந்தச் சாலையை மனைப்பிரிவு அனுமதிகளின் வழியே துண்டு துண்டாகத் தானமாகப் பெறும்படி வரைவது மேல்.

பொதுப்பணித் துறையில் வரைபவருக்கு

இங்கே சட்டம் வேறு, சிக்கல் வேறு. நிர்வாக ஒப்புதல் வந்து, மதிப்பீடு போட்டு, தொழில்நுட்ப ஒப்புதல் பெற்று, ஒப்பந்தப்புள்ளி கோரிய பிறகு வரைபடத்தை மாற்றினால் ஒவ்வொரு மாற்றமும் கூடுதல் செலவினமாகத் தணிக்கையில் நிற்கும். மருத்துவமனையென்றால் மருத்துவ அலுவலரும் செவிலியர் கண்காணிப்பாளரும், பள்ளியென்றால் தலைமையாசிரியரும் தரைத்தள வரைபடத்தில் கையெழுத்திட்ட பிறகே மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள். பொருள் விவரக் குறிப்பில் நிறுவனப் பெயர் எழுதாமல், இந்தியத் தரநிலை எண்ணை எழுதுங்கள்.

சேர்ந்த பிறகு

தகுதிகாண் பருவத்துக்குள் துறைத் தேர்வுகளை முடித்துவிடுங்கள். அவை ஆண்டுக்கு இருமுறை நடக்கும். தள்ளிப்போட்டால் ஊதிய உயர்வும் பதவி உயர்வும் அதனோடு தள்ளிப்போகும். அரசு ஊழியர் நடத்தை விதிகள் தனியார் தொழிலை அனுமதிப்பதில்லை. உறவினர் வீட்டுக்கு என்றாலும், காசு வாங்கவில்லை என்றாலும், வரைபடத்தில் உங்கள் பதிவு எண்ணையும் கையெழுத்தையும் போடாதீர்கள். அதே வரைபடம் ஒருநாள் உங்கள் மேசைக்கே அனுமதிக்கு வரும்.